தினமும் துலக்க வேண்டிய செம்பு

சிவன் கோயிலில் நால்வர் சன்னிதி முன்னால் ஒரு சிறுபிள்ளையோடு போய் நின்று பாருங்கள். கேள்வி வரும். "அந்தத் தாத்தா கையில என்ன வச்சிருக்கார்?"

சம்பந்தர் கையில் தாளம் இருக்கும். இல்லாவிட்டால் விரலை உயர்த்திக் காட்டிக்கொண்டு நிற்பார். மாணிக்கவாசகர் கையில் ஏடு. சுந்தரர் மாப்பிள்ளை மாதிரி நகையும் நட்டுமாக இருப்பார். மழித்த தலையும் உருத்திராக்கமுமாக நிற்கிற திருநாவுக்கரசர் தோளில்தான் அந்தச் சாமான் சாய்ந்திருக்கும். நீளப் பிடி, நுனியில் தட்டையான இரும்பு. உழவாரம். புல் செதுக்குகிற கருவி.

சாமிகளுக்கு வேலும் சூலமும் சக்கரமும் கொடுத்த மண், ஒரு மனிதரைச் சாமிக்குப் பக்கத்தில் ஏற்றி நிறுத்தியபோது அவர் கையில் களைவெட்டியைக் கொடுத்திருக்கிறது. இது தற்செயலாக நடந்தது என்று எனக்குத் தோன்றவில்லை.

அவர் லேசுப்பட்ட ஆளும் இல்லை. ஏழாம் நூற்றாண்டில், திருவாமூரில் மருள்நீக்கியாராகப் பிறந்தவர். பாடலிபுரத்துச் சமணப் பள்ளியில் படித்துத் தேறி, தருமசேனர் என்ற பெயரோடு தலைமை இடத்துக்கு வந்தவர். படிப்பு, பதவி, பேச்சு மூன்றும் சேர்ந்த மனிதர். வயிற்றில் சூலை நோய் வந்தபோது திருவதிகையில் இருந்த அக்கா திலகவதியாருக்கு ஆள் அனுப்பினார். அக்கா வர மறுத்துவிட்டார். தம்பிதான் இரவோடு இரவாக அக்காவைத் தேடி வந்தார்.

அந்த அக்கா என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை 12-ம் நூற்றாண்டில் பெரிய புராணம் பாடிய சேக்கிழார் மறக்காமல் சொல்கிறார். விடியுமுன் எழுந்து கோயிலுக்குப் போகும்போது அவர் எடுத்துப் போனவை துடைப்பம், சாணம், தண்ணீர்த் தோண்டி. தம்பிக்குத் திருநீறு கொடுத்தார், கூட அழைத்துப் போனார். வாதம் செய்யவில்லை. வாதத்தில் எவரையும் மடக்கத் தெரிந்த தம்பிக்கு, வாதமே செய்யாத ஒருத்தி தேவைப்பட்டிருக்கிறாள். பிறகு ஆயுள் முழுக்க அவர் ஊர் ஊராகப் போய்ப் பாடினார், பிராகாரங்களில் புல்லும் செதுக்கினார். பாட்டு ஊரறிந்தது. புல் மறுமாதம் மறுபடி முளைத்தது.

பெரிய புராணத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் திருப்பூந்துருத்தி. சம்பந்தர் பாண்டிய நாட்டிலிருந்து முத்துச் சிவிகையில் வருகிறார். எதிர்கொள்ள ஊரே திரண்டு நிற்கிறது. திருநாவுக்கரசர் கூட்டத்துக்குள் புகுந்து, யார் கண்ணிலும் படாமல் பல்லக்கின் கொம்புக்குத் தோள் கொடுத்துவிடுகிறார். வயதில் பெரியவர். தன்னை 'அப்பரே' என்று அழைத்த பிள்ளையைத் தூக்குகிறார். சிறிது தூரம் போனதும் உள்ளேயிருந்து குரல் வருகிறது: அப்பர் எங்கே? கீழேயிருந்து பதில் போகிறது: இங்கேதான், உங்களைச் சுமக்கிற பாக்கியம் பெற்று வந்துகொண்டிருக்கிறேன். பிள்ளை பதறிக் குதித்து இறங்குகிறது.

சம்பந்தர் கேட்காமல் இருந்திருந்தால்? அப்பர் பேசாமல் தூக்கிக்கொண்டு போயிருப்பார், நமக்குத் தெரியவே வந்திராது. யாரும் பார்க்காத தோளாக இருந்தது சிறிது தூரம்தான். அந்தச் சிறிது தூரம்தான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

கோமுகிக்குள் கை

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் உழவாரப் பணிக்குப் போகிற குழுக்கள் தமிழ்நாட்டில் நிறைய உண்டு. வேன் பிடித்து, மண்வெட்டி, அரிவாள், துடைப்பம், பினாயில், தண்ணீர்க் கேன், ஒரு சட்டி தயிர் சாதம் என்று கிளம்பிப் போவார்கள். ஒரு கால பூஜைக்கே தடுமாறுகிற கோயில்கள்தான் பெரும்பாலும் போய்ச் சேருகிற இடம். கோபுரத்தில் அரசங்கன்று வேர் விட்டிருக்கும். பிராகாரம் முழுக்க நாயுருவியும் எருக்கும். மண்டபத்துக்குள் நுழைந்தால் வவ்வால் எச்சத்தின் நெடி மூக்கைப் பிடுங்கும்.

அப்படி ஒரு குழுவோடு நானும் ஒருமுறை போனேன். கட்டுரைக்காகத்தான் போனேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஒருவரை ஒருவர் "அடியாரே", "ஐயா", "அம்மா" என்று அழைத்துக்கொண்டார்கள்; பெயரும் உத்தியோகமும் யாரும் கேட்கவில்லை. எனக்கு அது லேசாக உறுத்தியது. பத்திரிகையிலிருந்து வந்திருக்கிறேன் என்று சொல்ல ஒரு சந்தர்ப்பம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அரிவாளை வாங்கி, ராஜகோபுரத்துக்கு நேர் எதிரே, வருகிறவர்கள் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்துப் புல் அறுக்க ஆரம்பித்தேன். அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா வந்து கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "தம்பி, இங்க ஆள் நிறைய இருக்காங்க. பின்னால கோமுகி அடைச்சுக் கிடக்கு. அங்க யாரும் போகல. நீங்க போறீங்களா?"

கோமுகி என்றால் கருவறை அபிஷேகத் தண்ணீர் வெளியே விழுகிற கல்வாய். அதன் கீழே ஒரு தொட்டி. அதற்குள் பாலும் எண்ணெயும் அழுகிய பூவும் வில்வமும் சேர்ந்து எத்தனை வருஷத்துச் சேறாகவோ இறுகியிருந்தது. நான் கைப்பேசியை எடுத்து முதலில் படம் பிடித்தேன். பின்னாலேயே வந்திருந்த அந்த அம்மா, "எடுத்தாச்சா? இப்ப கையை விடுங்க" என்றார். குரலில் கேலி எதுவும் இல்லை. அதுதான் சுருக்கென்று இருந்தது.

ஒன்றரை மணி நேரம் ஆனது. அங்கே என்னை யாரும் பார்க்கவில்லை. முதல் அரைமணி நேரம் யாராவது பார்க்க மாட்டார்களா என்றிருந்தது. அப்புறம் சேற்றுக்குள் ஒரு கல் தட்டுப்பட்டு, அதை நெம்பி எடுப்பதிலேயே கவனம் போய்விட்டது. நடுவில் கொஞ்ச நேரம் 'நான்' என்று ஒருவன் அங்கே இருந்தானா என்று கேட்டால் தெரியாது என்றுதான் சொல்வேன். தண்ணீர் ஊற்றிப் பார்த்தபோது கோமுகி வழியே சளசளவென்று இறங்கியது. அந்த நொடியில் அவன் திரும்பி வந்துவிட்டான்: "அம்மா, வந்து பாருங்க!"

திருப்புகலூரில் அப்பர் செதுக்கிய இடத்திலெல்லாம் பொன்னும் மணியும் மின்னியதாகவும், அவர் அவற்றையும் கல்லோடு கல்லாக உழவாரத்தால் வாரிக் குளத்தில் எறிந்ததாகவும் புராணம் சொல்கிறது. பொன்னை எறிவது கூடச் சுலபம் என்று அன்றைக்குத் தோன்றியது. "வந்து பாருங்க" என்பதை எறிவதுதான் பாடு.

குழுக்களுக்கும் இந்த வியாதி உண்டு. பணி முடிந்ததும் பேனர் பிடித்துப் படம், வாட்ஸ்ஆப்பில் இருபது வாழ்த்து. எங்கள் குழு இத்தனை கோயில், உங்கள் குழு எத்தனை என்ற கணக்கு. ஆர்வக் கோளாறில் கல்வெட்டு மேல் பெயின்ட் பூசிவிடுகிறவர்களும், பழைய கல்லை ஆசிட் ஊற்றித் தேய்க்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன் விளக்கெரிக்க ஆடு கொடுத்தவனின் பெயர் அந்தப் பெயின்டுக்குள் போய்விடும். பணி செய்யப் போன இடத்தில் பணி செய்கிறவன் பெரிதாகிவிட்டால் இப்படித்தான் ஆகும்.

இருட்டை விட மோசமான இருட்டு

'ஈகோ' என்று இப்போது பேச்சில் புழங்குகிற சொல்லுக்குத் தமிழில் தலைக்கனம், செருக்கு, அகந்தை என்று பல சொற்கள் உண்டு. சைவ சித்தாந்தம் எடுத்துக்கொண்டது ஆணவம். பேச்சுவழக்கில் ஆணவம் என்றால் திமிர். சித்தாந்தத்தில் அது அதைவிட அடியில் இருப்பது. உயிரோடு என்றைக்கோ ஒட்டிய அழுக்கு, மலம். ஒட்டிய நாள் என்று ஒன்று கிடையாது. செம்பு இருக்கும்போதே களிம்பும் கூடவே இருந்தது என்பார்கள். நெல்லுக்கு உமி மாதிரி. திமிர் பிடித்தவனிடம் மட்டுமல்ல, 'எனக்கென்ன தெரியும், நான் ஒன்றுமில்லாதவன்' என்று மூலையில் உட்கார்ந்திருப்பவனிடமும் அதே அளவு இருக்கும்.

சிதம்பரத்து உமாபதி சிவம் 14-ம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். அவருடைய திருவருட்பயனில் 'இருள்மலநிலை' என்று ஓர் அதிகாரமே ஆணவத்துக்கு உண்டு. அங்கே அவர் சொல்கிற ஒரு விஷயம் எந்த மனநூலிலும் நான் காணாத கூர்மை உள்ளது. இருட்டு மற்றப் பொருள்களை மறைக்கும். ஆனால் இருட்டாக இருக்கிறது என்பதாவது தெரியும். ஆணவம் மற்றதையும் மறைக்கும், தன்னையும் காட்டாது. விளக்கு ஏற்ற வேண்டும் என்ற நினைப்பே வராத இருட்டு.

இதை அவர் உட்கார்ந்த இடத்தில் யோசித்து எழுதவில்லை என்பது அவரைப் பற்றி வழங்கும் கதையில் தெரியும். தில்லை மூவாயிரவர் என்கிற தீட்சிதர்களில் ஒருவர். நடராசர் பூசை முடித்துப் பல்லக்கில், பட்டப்பகலில் பந்தம் பிடிக்கிற மரியாதையோடு வீட்டுக்குப் போகிறார். திண்ணையில் உட்கார்ந்திருந்த, பின்னால் அவருக்குக் குருவான மறைஞான சம்பந்தர், செத்த கட்டை மேல் பகற்குருடு போகிறதே என்கிற பொருள்பட ஒரு வார்த்தை சொன்னார். உமாபதி இறங்கினார். நடந்து அவர் பின்னால் போனார். நெசவாளர் தெருவில் பாவுக்குப் போடுகிற கஞ்சியை மறைஞான சம்பந்தர் கையேந்தி வாங்கிக் குடிக்க, முழங்கையில் வழிந்ததை உமாபதி பிடித்துக் குடித்தார். தீட்சிதர்கள் அவரை விலக்கி வைத்தார்கள். அவர் ஊருக்கு வெளியே கொற்றவன்குடியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அப்பர் பல்லக்குக்கு அடியில் போனார், உமாபதி பல்லக்கிலிருந்து இறங்கினார். நம் கதைகளில் பல்லக்கு வருகிற இடத்திலெல்லாம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

சித்தாந்தம் இன்னொன்றும் சொல்கிறது, ஆறுதலுக்கு இடமில்லாமல். ஆணவம் அழியாது. முத்தியிலும் அது இல்லாமல் போவதில்லை. அதன் வலிதான் அடங்குகிறது. ஆகையால் ஒருநாள் துலக்கி அலமாரியில் கவிழ்த்து வைக்கிற காரியமில்லை இது. புளி போட்டுத் தேய்த்த செம்பு காலையில் தங்கமாக மின்னும். இரண்டு நாள் விட்டுப் பாருங்கள்.

கைப்பேசியில் தியானத்துக்கு ஆப் வந்துவிட்டது. விடாமல் இத்தனை நாள் உட்கார்ந்தால் பதக்கம் காட்டுகிறது. களிம்பைத் தேய்க்கிற கைக்கு அந்தப் பக்கம் களிம்பைப் பூசிவிடுகிற ஏற்பாடு.

'நான்' இல்லாத பாஷை

வைணவர்கள் வேறு வழி பிடித்தார்கள். நாக்கிலிருந்து ஆரம்பித்தார்கள்.

பழைய ஸ்ரீவைஷ்ணவ வீடுகளில் 'நான்' என்ற சொல் கூடுமானவரை வராது. அடியேன்தான். எதிரே இருப்பவர் தேவரீர். அவர் வீடு திருமாளிகை, என் வீடு குடிசை. சாப்பிடுவது அமுது செய்வது. ரசம் சாற்றமுது, பாயசம் திருக்கண்ணமுது. போனில் "யாரு?" என்று கேட்டால் "அடியேன்" என்று பதில் வருவதை நானே கேட்டிருக்கிறேன், யார் என்று கடைசிவரை தெரியாது. ஒரு நாளைக்கு நூறு முறை 'நான்' வர வேண்டிய இடத்தில் வேறு ஒரு சொல்லை வைத்து அடைக்கிற பயிற்சி. ஜபமாலை வேண்டாம், ஆசனம் வேண்டாம், மோர் கேட்கும்போதே நடந்துவிடும்.

அஸ்திவாரம் ராமாநுஜரின் கதையில் இருக்கிறது. மந்திரப் பொருள் கேட்டு ஸ்ரீரங்கத்திலிருந்து திருக்கோஷ்டியூருக்குப் பதினெட்டு முறை நடந்தார். வாசலில் "யார்?" என்ற கேள்விக்கு "நான்" என்று பதில் சொன்னவரை, "நான் செத்த பின் வா" என்று திருக்கோஷ்டியூர் நம்பி திருப்பி அனுப்பியதாகச் சொல்வார்கள். தமிழில் அந்த வாக்கியத்துக்கு இரண்டு அர்த்தம். நம்பியின் மரணத்துக்குக் காத்திருக்கச் சொன்னாரோ என்று கேட்டவன் விழித்திருப்பான்.

இந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். ராமாநுஜரின் சகோதரி மகன் முதலியாண்டான் கதை அவ்வளவாகத் தெரியாது. பெரிய வித்வான். கீதையின் சரம சுலோகத்தின் பொருளைக் கேட்டு ராமாநுஜரிடம் வந்தார். நம்பியிடமே போய்க் கேள் என்று அனுப்பினார். மாதக்கணக்கில் காத்திருந்த பிறகு நம்பி சொன்னது, படிப்பு, செல்வம், குலம் என்கிற மூன்று செருக்கும் போன பிறகு உன் ஆசாரியரிடமே கேட்டுக்கொள் என்று. திரும்பி வந்த நேரத்தில், ராமாநுஜரின் இன்னொரு ஆசாரியரான பெரிய நம்பியின் மகள் அத்துழாய் அழுதுகொண்டு வந்து நின்றாள். விடியற்காலையில் தனியாகத் தண்ணீருக்குப் போகப் பயமாக இருக்கிறது, துணைக்கு ஆள் வேண்டும் என்று மாமியாரிடம் சொன்னதற்கு, 'உன் சீதன வெள்ளாட்டியைக் கூட்டிக்கொண்டு வாயேன்' என்று குத்திக் காட்டினாளாம். வெள்ளாட்டி என்றால் வேலைக்காரி. ராமாநுஜர் முதலியாண்டானைக் காட்டினார்: இவரைக் கூட்டிப் போ.

வேதாந்தம் படித்த ஆண்மகன் ஒருவர் அத்துழாயின் மாமியார் வீட்டுக்குச் சீதன வேலைக்காரியாகப் போனார். தண்ணீர் சுமந்தார், அடுப்படியில் வெந்தார். ஒரு நாள் யாரோ ஒருவர் அந்த வீட்டில் சாஸ்திரத்துக்குத் தப்பாகப் பொருள் சொல்ல, பொறுக்க மாட்டாமல் இவர் திருத்திச் சொல்லிவிட்டார். குட்டு வெளிப்பட்டுவிட்டது, வீட்டார் நடுங்கிப்போய் ராமாநுஜரிடம் கொண்டுவந்து விட்டார்கள். பொருளும் கிடைத்தது. செருக்கு மூன்றும் கழன்ற மனிதரிடம்கூடத் தப்பைப் பொறுக்க முடியாத அந்தப் பண்டிதன் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தானே, அதை நினைத்தால் அவர் மேல் பிரியம்தான் வருகிறது.

அடியேன் என்று சொல்வதால் மட்டும் எல்லாம் அடங்கிவிடுமா? காஞ்சிபுரம் வரதராஜர் கோயிலைப் போய்க் கேட்க வேண்டும். ஸேவிக்க ஆரம்பிக்கும்போது வடகலையாரின் ஆசாரிய வணக்கமா, தென்கலையாரின் ஆசாரிய வணக்கமா என்ற வழக்கு தலைமுறை தலைமுறையாகக் கோர்ட்டு ஏறிக்கொண்டிருக்கிறது. இரண்டுமே குருவின் காலில் விழுகிற சுலோகங்கள். யார் முதலில் விழுவது என்பதில்தான் தகராறு. இரு தரப்பிலும் சாட்சிக் கூண்டில் ஏறியவர்கள் தங்களை அடியேன் என்றே சொல்லிக்கொள்கிறவர்களாக இருந்திருப்பார்கள்.

சொல்ல வைக்கப்பட்டவர்கள்

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் தாண்டிப் போனால் மேலே எழுதியது அத்தனையும் பொய்யாகிவிடும்.

பல்லக்கில் போனவர் இறங்கலாம். தருமசேனர் புல் செதுக்கலாம். பிறந்த நாள் முதல் பெருக்குவதையே விதியாக்கி வைத்திருந்தவர்களுக்கு இதில் எந்தச் சாதனையும் இல்லை. மலையாளக் கரையில் ஒடுக்கப்பட்ட சாதியார் மேல்சாதிக்காரர் முன்னால் தங்களை 'அடியன்' என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது; தங்கள் சோற்றையும் குடிசையையும் கூட இழித்த சொல்லால்தான் குறிக்க வேண்டியிருந்தது. அதே சொல். ஒருவர் வாயில் அது பயிற்சி, இன்னொருவர் வாயில் அது கட்டளை.

நந்தனார் கோயில் முரசுகளுக்குத் தோலும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் கொடுத்தார். அவர் கொடுத்தது உள்ளே போனது. அவர் வெளியே நின்றார். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தலைமையில் தாழ்த்தப்பட்ட மக்களும் நாடார்களும் நுழைந்தது 1939 ஜூலை 8. அதற்கு முந்தின நாள்வரை, கோயிலைச் சுற்றிய வீதியைப் பெருக்கியவருக்கு உள்ளே துடைப்பம் பிடிக்க உரிமையில்லை. 'பணிவு' என்று மேடையில் பேசுகிறவர் யார், கேட்டுக்கொண்டிருப்பவர் யார் என்று பார்த்துவிட்டுத்தான் தலையை ஆட்ட வேண்டும். தலைநிமிர்வே இன்னும் முழுசாகக் கிடைக்காதவரிடம் போய்த் தலைக்கனத்தை இறக்கி வை என்று சொல்வது சாதனை இல்லை, சுரண்டல்.

இறங்க வேண்டியவர்கள் ஏறி உட்கார்ந்திருப்பவர்கள்தான். இந்தப் பத்திரிகையை நாற்காலியில் சாய்ந்து படிக்கிறவர்கள், எழுதுகிறவன் உட்பட.

கல்யாண வீட்டில் புகுந்தவன்

திருவண்ணாமலையில் இருந்த ரமணர் பிரச்னையை வேறு மாதிரி பார்த்தார். 1896-ல், பதினாறு வயதில் மதுரையில் மாமா வீட்டு மாடியில் செத்துப்போவது போன்ற ஓர் அனுபவம் வந்து, சாகிற இந்த 'நான்' யார் என்று உள்ளே பார்த்தவர். அந்த வருஷம் செப்டம்பர் 1-ல் அண்ணாமலை வந்தவர் 1950 ஏப்ரல் 14-ல் உடல் மறைகிறவரை அந்த ஊரை விட்டுப் போகவில்லை. 1902-ல் தென்னார்க்காட்டு ரெவின்யூ இலாகாவில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை விருபாட்சி குகைக்கு வந்து கேள்விகள் கேட்டார். இளைஞர் அப்போது பேசுவதில்லை, எழுதிக் காட்டினார். அந்தக் கேள்வி பதில்கள்தான் பின்னால் 'நான் யார்?' என்று புத்தகமாயின.

அகந்தையைப் பற்றி ரமணர் சொல்கிற கதை ஒரு கல்யாண வீட்டுக் கதை. அழையா விருந்தாளி ஒருவன் புகுந்துவிட்டான். பெண் வீட்டார் அவனை மாப்பிள்ளையின் சிநேகிதன் என்று நினைத்தார்கள், மாப்பிள்ளை வீட்டார் பெண் பக்கத்து முக்கியஸ்தன் என்று நினைத்தார்கள். பந்தியில் முதல் இலை, தாம்பூலத்தில் முதல் தட்டு. கடைசியில் இரண்டு தரப்பும் 'யார் இந்த ஆள்?' என்று விசாரிக்கத் தொடங்கியதும் ஆளைக் காணோம். உடம்புக்கும் ஆன்மாவுக்கும் நடுவே உட்கார்ந்து இரண்டு பக்கத்து மரியாதையையும் வாங்குகிறவன் அவன். அடிக்க வேண்டாம், விரட்ட வேண்டாம், யாரென்று விசாரித்தால் போதும் என்பது ரமணர் கட்சி.

அழியாத களிம்பு என்கிறது சித்தாந்தம். இல்லாத ஆள் என்கிறார் ரமணர். இரண்டும் ஒன்றுதான் என்று சமரசம் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் லீவு நாள் இல்லை என்பதில் இரண்டு பேரும் ஒத்துப்போகிறார்கள். கோட்டைக்குள் எதிரி இருக்கிறவரை வெளியே வந்துகொண்டுதான் இருப்பான், வர வர வெட்டிக்கொண்டே இரு என்கிற மாதிரி 'நான் யார்?' பேசுகிறது.

விசாரணை என்ற உடனே கண்மூடி உட்கார்ந்த உருவம்தான் நினைவுக்கு வரும். ரமணாசிரமத்தின் பழைய நாட்களை எழுதி வைத்தவர்களைப் படித்தால் வருகிற வாசனையோ பெருங்காயத்தினுடையது. விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கெல்லாம் பகவான் சமையல்கட்டில் இருப்பார். காய் நறுக்குவார், சட்னி அரைப்பார், இலை தைப்பார். தரையில் சிந்திய அரிசியைக் குனிந்து பொறுக்குவார். காய்த் தோலும் தண்டும் வீணாகப் போகக் கூடாது. அதிலும் ஏதாவது அரைத்துவிட வழி சொல்வார். சம்பூர்ணம்மாள், சாந்தம்மாள் போன்ற பெண்கள் தியானம் செய்ய வந்து அடுப்படியில் போய்ச் சேர்ந்தார்கள். அவர் சொன்னது சொன்னபடி வர வேண்டும். கொஞ்சம் நம் கைவண்ணத்தைக் காட்டுவோம் என்று மாற்றினால் பிடிபட்டுவிடும். கைவண்ணம் என்பது யாருடையது என்று யோசித்தால் சங்கதி புரியும்.

பந்தியில் தமக்கு ஒரு கரண்டி கூடப் போட்டால் கோபித்துக்கொள்வார். எல்லாருக்கும் என்னவோ அதுதான் தமக்கும். பரிமாறுகிறவரின் பக்தி கூட அங்கே செல்லாது. பக்தி என்ற பெயரில் 'என் பகவானுக்கு நான் போட்டேன்' வருகிறதே.

வேலூர்க் கல்லூரித் தெலுங்குப் பண்டிதர் ஒருவர் வந்து பலன் கருதாத கர்மம் என்றால் என்ன என்று கேட்டார். பதில் வரவில்லை. பிறகு மலைமேல் நடக்கப் போன ரமணர் வழியில் ஒரு முள் கொம்பை எடுத்தார். உட்கார்ந்து முள்ளைச் சீவினார், கணுவைத் தட்டினார், சொரசொரப்பான இலையால் மணிக்கணக்காகத் தேய்த்தார். வழவழவென்று அருமையான தடி. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஆடு மேய்க்கிற பையன் ஒருவன் தன் கொம்பைத் தொலைத்துவிட்டு முகம் வாடி வந்தான். தடி அவன் கைக்குப் போனது. கேள்வி கேட்டவருக்கு வேறு பதில் தேவைப்படவில்லை.

நான் அந்தத் தடியைச் செய்திருந்தால் முதல் வேலையாக அதை யாரிடமாவது காட்டியிருப்பேன்.

பால் சட்டி

உழவாரப் பணி முடிந்து வீட்டுக்கு வந்த அன்று, இரவுச் சாப்பாட்டின்போது கோமுகிக் கதையை விஸ்தாரமாகச் சொன்னேன். சேறு, கல், சளசளத்த தண்ணீர், அந்த அம்மா சொன்ன வார்த்தை. மனைவி முழுக்கக் கேட்டாள். எழுந்து போகும்போது, "நல்லாத் தேய்ப்பீங்க போலிருக்கே. பால் சட்டி அடிப்பிடிச்சுக் கெடக்கு" என்றாள்.

எங்கள் பாட்டி பூஜைச் செம்பைப் புளியும் சாம்பலும் போட்டு வெள்ளிக்கிழமை தவறாமல் துலக்கியவள். மற்ற நாள் சமையல் பாத்திரங்கள். எழுபது வருஷம் இருக்கும். அதை யாரும் சாதனை என்று சொல்லவில்லை, படம் பிடிக்கவில்லை. அவளாக விரும்பி ஏற்றதா, ஏற்றிவிடப்பட்டதா என்று கேட்கவும் இல்லை. தாத்தா மணைப்பலகையில் உட்கார்ந்து சந்தியாவந்தனம் செய்வார். அந்தச் செம்பு பளபளவென்று இருக்கும். வீட்டில் தவம் செய்கிறவர் யார் என்று அந்த வயதில் கேட்டிருந்தால் நான் தாத்தாவைத்தான் காட்டியிருப்பேன்.

பால் சட்டியைத் தேய்த்தேன். கறுப்பு லேசில் விடவில்லை. கொஞ்சம் உப்பும் தேங்காய் நாரும் வேண்டியிருந்தது. மறுநாளும் தேய்த்தேன். மூன்றாம் நாள் அவள் கேட்காமலே போய் நின்றேன். நாலாம் நாள் கழுவிய தட்டுகளை அடுக்கும்போது, கூடத்தில் இருக்கிறவர்களுக்குக் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே வைத்தேன்.

டிவி ஓடிக்கொண்டிருந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.